அண்ணியின் முகம்

டைஃபாய்டில் படுத்து எழுந்தபின் எனக்கு மாதவிலக்கு தள்ளிப்போனது. எனக்குக் கல்யாணமாகவில்லை. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டை ஆண்ட அண்ணி, உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"இப்பவே பார்த்தா சரியா தெரியாதும்மா. ரெண்டு வாரம் கழிச்சு, காலைல மொத மூத்திரம் கொண்டு வாங்க" என்றார் லேடி டாக்டர்.

அதுவரை எனக்குத் தனித்தட்டு. "காய்ச்சலாம், நல்ல சாக்கு. மானம் போச்சு" என்று அண்ணி குழாயடியில் அழுதாள். அண்ணன் வழக்கம்போல சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "கர்ப்பமில்ல. காய்ச்சல்ல உடம்பு இளைச்சிருக்கு. நல்லா சாப்பிட்டா தானா வரும்."

"இன்னொரு தபா பாருங்க டாக்டரம்மா" என்றாள் அண்ணி.

மானத்துக்காக அழுதவளின் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். ஏமாற்றம்தான் இருந்தது. அதன்பின் அவளுக்கு நான் பயந்ததே இல்லை.