காலுக்குக் கீழே ஓடிய சூடு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம். என் தங்கை மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துவந்த நாள். அலங்காநல்லூர்ப் பக்கத்தில் அவளுடைய மாமியார் ஊர். அங்கிருந்து பசுமலைக்கு வர வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். அந்தக் கூச்சம் அன்று என்ன செய்யப் பார்த்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி தங்கை மகனுடையது. ஏழு பேர் உட்காரும் கார், வாடகைக்கு ஓட்டுகிறான். தாய்மாமனாகப் போகிற சந்தோஷத்தில் அக்காவைப் பாட்டோடு அழைத்துவர ஆசைப்பட்டு, செல்போனில் வீடியோ பார்த்து, தானே இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை டிக்கியில் மாட்டியிருந்தான். சப்-ஊஃபர் என்றான். பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப். அதற்குக் கரண்டு வர, முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கார்ப்பெட்டுக்கு அடியிலேயே ஒரு ஒயரை இழுத்துவிட்டிருந்தான்.

"ரெண்டு தடவை பியூஸ் போச்சு பெரியம்மா. பெரிய பியூஸா போட்டேன். இப்ப அசையவே மாட்டேங்குது," என்று பெருமையாகச் சொன்னான். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடமாகிறது. வளையல் போடும்போது நானாகவே அடுப்படியில் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. காரிலும் நானாகவே கடைசி சீட்டில் ஏறினேன். சம்பந்தி வீட்டார் கொடுத்த சாத வாளிகளை என் பக்கத்தில் அடுக்கினார்கள். அந்த வரிசைக்குக் கதவு கிடையாது. நடு சீட்டை மடக்கினால்தான் வெளியே வர முடியும். புது மேட் அழுக்காகக் கூடாதென்று செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தேன்.

கிளம்பும்போது தங்கை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "பிள்ளத்தாச்சிய கூட்டிட்டுப் போறோம். வழியில வண்டி நிக்கக் கூடாது. அச்சானியமா யாரும் எதுவும் பேசிறக் கூடாது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

பாட்டுப் போட்டான். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல் இருந்தது. சாத வாளி மூடிகள் தானாக ஆடின.

"அக்கா, உள்ள மருமகன் ஆடுறானா?" என்று கத்தினான்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா, தாய்மாமா!" என்றாள் அவள் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே.

கரும்புக்காடு தாண்டும்போது என் வலது உள்ளங்காலில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுட்டது. காலை எடுத்து இடது கால் மேல் வைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வாடை, ரப்பர் கருகுகிற மாதிரி. தங்கை மூக்கை உறிஞ்சினாள். "புதுசுல அப்படித்தாம்மா அடிக்கும்," என்றான் அவன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே ஏதோ எரிகிறது. ஆனால் 'எரியுது' என்ற சொல்லை அந்தப் பயணத்தில் நான் எப்படிச் சொல்வேன்? அதுவும் நான்! நாளைக்குப் பிரசவத்தில் ஒன்று என்றால், அன்று இவள் வாயிலிருந்து வந்த சொல் என்பார்களே. சூடு தாங்குகிறதா என்று காலை மறுபடி வைத்துப் பார்த்தேன். தோல் ஒட்டி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மாட்டுத்தாவணிக்குப் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் நடு சீட்டுக்கு அடியிலிருந்து நூல்போல் புகை எழுந்தது. தங்கை மகளின் பட்டுச் சேலைத் தலைப்பு அதன் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"ஏய்யா, வண்டிய நிப்பாட்டு," என்றேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்கை தோளைத் தட்டினேன். "செத்த சும்மா வாக்கா," என்றாள் திரும்பாமலே.

என்ன வந்ததோ, தலைப்பை வெடுக்கென்று இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டு அலறினேன். "எரியுதுடி! பிள்ளைக்குக் கீழ எரியுது!"

வண்டி ஓரத்தில் நின்றது. பாட்டு நின்றது. புகை நிற்கவில்லை. பிள்ளையும் தங்கையும் இறங்கினார்கள். நடு சீட்டை மடக்க எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் புகை. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ரோட்டோரத்தில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒருவர் ஓடிவந்தார். "பானட்டத் தூக்குடா! உள்ள ஆளு இருக்கு!" என்று கத்தியபடி சீட்டை மடக்கி என்னைக் கைப்பிடியாய் வெளியே இழுத்தார். உடனே முன்னால் போய்ப் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். புகை மெல்ல அடங்கியது.

கடையில் பிள்ளையை உட்காரவைத்தோம். அவள் வயிற்றில் கை வைத்து, உள்ளே அசைகிறதா என்று பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் எம்புட்டு நீளம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிறகு, "அசையுதும்மா," என்றாள். தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மனிதர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "மாப்ள, ஆம்புல நாலு ஓமுக்குக் கொறையக் கூடாதுன்னு எழுதியிருக்கு. ஓமுங்கிறது கரண்ட மறிக்கிற அளவு. ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் நாலுதான். ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சேத்துக் கட்டிட்ட. ரெண்டுக்கு எறங்கிருச்சு. ரெண்டு மடையையும் தொறந்துவிட்ட மாதிரி கரண்ட ஏகமா இழுத்திருக்கு. இந்தச் சின்ன ஒயரு தாங்குமா?"

"அப்ப எப்படிண்ணே கட்டணும்?"

"ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்துக் கட்டு. எட்டு வரும்."

"சத்தம் கொறையுமே…"

"கொறையட்டும். பியூஸுங்கிறது காவக்கார நாய்டா. ரெண்டு தடவை வள்ளுவள்ளுன்னு கொலைச்சிருக்கு. என்னான்னு பாக்காம, கொலைக்காத நாயா வாங்கிக் கட்டியிருக்க!"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். என் காலில் கொப்புளம் எழும்பியிருந்ததை அப்போதுதான் தங்கை பார்த்தாள். "இம்புட்டு நேரம் ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டாள். நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அவளும் கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டாள் போல. மற்றொரு வண்டி பிடித்துக் கிளம்பும்போது, என்னை நடு சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

அடுத்த இரண்டு மாதமும் எனக்குத் தூக்கமில்லை. நான் சொன்ன சொல் எங்கே பலித்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். ஆடியில் பேத்தி பிறந்தாள், தாயும் பிள்ளையும் சுகம். இன்றும் ஏதாவது விசேஷ வீட்டில் நாம் எதற்குப் பேச வேண்டும் என்று நான் ஒதுங்கி நிற்கும்போதெல்லாம், ஆறிப்போன அந்த உள்ளங்கால் சுள்ளென்று சுடுகிறது; ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறேன்.