முழங்கையில் ஒரு சாக்பீஸ் வட்டம்

"கைய மடக்குங்க சார்..."

கடலூர் முதுநகரில் ஒரு கடை. கார் சீட், சோபா, ஹேண்ட்பேக் என்று தோலில் செய்த எதுவானாலும் பழைய நிறத்தை எடுத்துவிட்டுப் புதிதாக நிறம் ஏற்றித் தருகிற கடை. சொன்னவர் கடைக்காரர் ஸ்டெல்லா. நான் ஒரு பிரவுன் லெதர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மழை விட்ட டிசம்பர் புழுக்கத்தில் வியர்த்து வழிந்தபடி அவர் முன்னால் நிற்கிறேன். மடக்கச் சொன்னார், மடக்கினேன்.

மடிகிற இடத்தில்தான் புது நிறம் முதலில் வெடிக்குமாம். அதனால் போடுகிறவரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாராம். என் முழங்கையைப் பார்த்தார். ஜாக்கெட்டின் கையைப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார்.

"இது உங்களுது இல்லியே சார்?"

"என்னோடதுதாம்மா" என்று அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால்தான் கம்பீரமாகச் சொல்லியிருந்தேன்!

"இது அளவெடுத்து தெச்ச ஜாக்கெட் சார். போட்டுப் போட்டு மடிஞ்ச எடத்தப் பாருங்க, உங்க கை முட்டிக்கு ரெண்டு இஞ்ச் கீழ நிக்குது. இதப் போட்டவரு உங்கள விட ஒசரம்."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். கத்தவும் முடியாது, வலிக்கவில்லை என்று சிரிக்கவும் முடியாது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... ஜாக்கெட் என் மச்சானுடையது. மனைவியின் தம்பி செந்தில். மஸ்கட்டில் வேலை. விடுமுறைக்கு வந்தால் பைக்கில் சுற்றுவதற்கென்று பாண்டிச்சேரியில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டது. குமராட்சியில் என் மாமியார் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. போன ஜனவரியில் நான் ஒரு கல்யாணத்துக்கு டெல்லி போகவேண்டியிருந்தது. குளிருக்குப் பயந்த ஆள் நான். "சும்மாதான தொங்குது, எடுத்துட்டுப் போங்க மாப்ள" என்றார் மாமியார். எடுத்துப் போனேன். செந்திலிடம் கேட்கவில்லை. இதைப்போய் கேட்பானேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து சிதம்பரத்தில் எங்கள் வீட்டு பீரோவில் மாட்டியவன், அப்படியே மறந்துபோனேன். இந்த வருஷ மழையோ கொஞ்சம் ஜாஸ்தி. "மாமா, பொங்கலுக்கு வர்றேன்" என்று அவன் போன் செய்த அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்தேன். ஜாக்கெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

"பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு. நான் பழைய துணியைத் தேடி ஓடினேன்.

துடைத்தேன். சாயம் போன திட்டுகள் தெரிந்தன. தலைமுடிக்கு நல்லது தோலுக்கும் நல்லதாகத்தானே இருக்கும்? தேங்காய் எண்ணெய் தடவினேன். மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். எண்ணெய் குடித்த இடமெல்லாம் கறுத்து, மற்ற இடமெல்லாம் வெளிறியது. சரி, ஒரே நிறமாக்கலாம் என்று ஷூ பாலிஷ் போட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது.

ஒரு ஜாக்கெட்டுக்கு இத்தனை நடுக்கமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தேன். உறவினர் பட்டியலில் செந்தில் பெயர் விட்டுப்போனது. என் தவறுதான். வார இதழில் வாரா வாரம் எழுதிக் கிழிக்கிறவனுக்குச் சொந்த மச்சான் பெயர் மறந்துவிட்டது! அவனும் ரோஷக்காரன், நானும் ரோஷக்காரன். ஒரு வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு ஒரு பொங்கலன்று கையில் கரும்போடு அவனாகவே வந்தான். அப்படி ஒட்டிய உறவு. இந்த ஜாக்கெட்டால் மறுபடி அறுந்துவிட்டால்?

அதனால்தான் திருட்டுத்தனமாகக் கடலூர் பஸ் ஏறினேன். அவன் வருவதற்குள் புதிதாக்கி, இருந்த இடத்தில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

ஸ்டெல்லா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நிறமேற்றும் பினிஷிங் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, வெள்ளைப் பஞ்சை எதிலோ நனைத்து ஒரு ஓரத்தில் தேய்த்தார். பஞ்சு கரியாக வந்தது.

"எத்தன டப்பா பாலிஷ் சார் போட்டீங்க?"

"ஒண்ணரை."

சிரிக்கவில்லை. நல்ல மனசு. "எண்ணெய பவுடர் போட்டு இழுத்துடலாம். பாலிஷையும் எடுத்துடலாம். தோலு நல்ல தோலு, தாங்கும்" என்றார். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து என் பக்கம் நீட்டினார். நீட்டியவர் ஏதோ நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"புதுசாக்குறது ஈசி சார். எது பழசாவே இருக்கணும்னு ஓனருதான் வட்டம் போடணும். வட்டத்துக்குள்ள நான் கைய வெக்க மாட்டேன். மொதல்ல இந்தப் பழக்கம் எனக்கு இல்ல. ஒருத்தவுங்க ஹேண்ட்பேக்ல பேனாக் கிறுக்கல் இருந்துச்சு. நல்லா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டேன். அவுங்க பொண்ணு சின்ன வயசுல கிறுக்கினதாம். இந்தக் கடையிலயே உக்காந்து அழுதாங்க."

"இதுல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா..."

ஜாக்கெட்டின் வலது கையைத் திருப்பிக் காட்டினார். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு. தோல் வெளுத்து, வரிவரியாகக் கீறியிருந்தது. "இது பூஞ்சையும் இல்ல, நீங்க பண்ணதும் இல்ல. அவருக்குப் போன் போடுங்க சார். அவரு சொல்லாம நான் ஒரு சொட்டு கலர் வெக்க மாட்டேன்."

கெஞ்சிப் பார்த்தேன். அவசரம் என்றேன். அசையவில்லை. கோபமாகக்கூட வந்தது. காசு கொடுக்கிற எனக்கு இல்லாத அக்கறை இந்த அம்மாவுக்கு எதற்கு?

வெளியே வந்து ரோட்டோரம் நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். டெல்லி, பீரோ, பூஞ்சை, எண்ணெய், பாலிஷ்... ஒன்று விடாமல் ஒப்பித்தேன். போச்சு, இன்னொரு வருஷம் பேசமாட்டான் என்று நினைத்தேன்.

"மாமா... வலது கை முட்டில ஒரு கீறல் இருக்குமே. இருக்கா?"

"இருக்கு."

"அது மேல ஒண்ணும் பண்ணிடலயே?"

"இல்ல மச்சான். அதுக்குத்தான் கடைக்காரம்மா உங்கிட்ட கேக்கச் சொன்னாங்க."

"அப்பாடா..." என்றான். "அது மட்டும் அப்படியே இருக்கட்டும் மாமா. மத்தது என்ன வேணா பண்ணிக்கச் சொல்லுங்க."

"என்ன கீறல்டா அது?"

"அக்காகிட்ட சொல்லாதீங்க. நம்ம ஊரு ரோட்டுல தை மாசம் நெல்லு காயப் போட்டிருந்தாங்க. பைக்க அதுல ஏத்திட்டேன். சறுக்கிக்கிட்டுப் போய் நடு ரோட்டுல கெடக்கறேன், பின்னாடியே மினி பஸ்சு. டிரைவர் எப்படித்தான் பிரேக் போட்டாரோ... டயரு என் கையில இருந்து ஒரு முழம் மாமா. ஊருக்கு வந்தா அந்தக் கீறலப் பாத்துட்டுத்தான் நான் வண்டி எடுப்பேன்."

"எப்படா நடந்துச்சு? எனக்குக்கூடச் சொல்லலயே?"

குரலை இறக்கிச் சொன்னான்.

"நாம பேசாம இருந்தோமே, அந்த வருஷம். ரோட்டுல உக்காந்துகிட்டு மொதல்ல உங்க நம்பரத்தான் எடுத்தேன் மாமா. அப்புறம் போடாம வெச்சுட்டேன்."

கடலூர் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். அந்த மினி பஸ் டிரைவர் அன்றைக்கு ஒரு நொடி பராக்குப் பார்த்திருந்தால், பத்திரிகையில் விட்டுப்போன அந்தப் பெயரை நான் எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பேன்? பெயர் தெரியாத அந்த மனிதருக்கு அங்கேயே நின்று ஒரு கும்பிடு போட்டேன். செந்திலிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஜாக்கெட்டுக்கா மாமா?" என்றான். "இல்லடா, பத்திரிகைக்கு" என்றேன். கரும்போடு அவன் வந்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது.

உள்ளே போய்ச் சொன்னேன். ஸ்டெல்லா சாக்பீஸை என் கையில் கொடுத்தார். முழங்கைக் கீறலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அது கோழி முட்டை மாதிரி வந்தது.

பத்து நாள் கழித்துப் போனபோது ஜாக்கெட்டை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் காட்டினார். டியூப் லைட்டில் நிறத்தை நம்பக்கூடாதாம். மெல்லிசாக அஞ்சு கோட்டிங்... பழைய பிரவுன் அப்படியே திரும்பியிருந்தது. என் எண்ணெய், என் பாலிஷ், என் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கீறல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மேற்கொண்டு பிரியாமல் இருக்க நிறமில்லாத ஒரு பூச்சு மட்டும் போட்டிருந்தார். "அதுவும் அவரக் கேட்டுட்டுத்தான் சார். போன் நம்பர் குடுத்தீங்களே" என்றார்.

அன்றைக்கு இவர்மேல் கோபப்பட்டேனே! கேட்டதும் செய்து கொடுத்திருந்தால், மச்சான் உயிரோடு எழுந்த இடத்தை நானே பெயின்ட் அடித்து மூடியிருப்பேன். முடியாது என்று சொன்ன ஒருவருக்கு இவ்வளவு நன்றிக்கடன் பட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

பொங்கலுக்கு செந்தில் வந்தான். ஜாக்கெட்டைப் போட்டுக் கையை மடக்கினான். மடிப்பு அவன் முழங்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. "இவ்ளோ வேலை பாத்தவுங்க இந்த ஒரு எடத்த ஏன் விட்டுட்டாங்க?" என்றாள் என் மனைவி. நானும் மச்சானும் அவசரமாகச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம்.

இதை எழுதுவதற்கு முன் அவனிடம் கேட்டேன். இப்போதெல்லாம் எதையும் கேட்காமல் செய்வதில்லை. "அக்காவுக்குத் தெரிஞ்சிடுமேடா?" என்றேன்.

"தாராளமா எழுதுங்க. நீங்க எழுதுறத எங்கக்கா என்னிக்கி மாமா படிச்சிருக்கு?"

அதற்கும் நன்றி சொன்னேன்.