அப்பாவின் மூக்கும் ஆறு மார்க்கும்

உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? டாக்டரிடம் கூட்டிப் போவீர்கள், சரி. நாங்கள் சிரித்தோம்.

அப்பாவுக்கு ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை. லாரியில் வந்து இறங்கும் உப்புப் போட்ட பச்சைத் தோலில் எது நல்லது, எது உள்ளே அழுக ஆரம்பித்தது என்று பிரிப்பவர். கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு தோலை உருவுவார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். பிறகு அதன் முடியைப் பிடித்து ஒரு இழு. கெட்ட தோல் என்றால் முடி கையோடு வந்துவிடும், வராவிட்டால் பாஸ். ஒரு மூக்கு, இரண்டு விரல். அவருடைய மொத்த லேபும் அதுதான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள், அம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் வெறும் ரசந்தானா?" என்றார்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "தெரு முனை வரைக்கும் வாசன அடிக்குது. உனக்கு மட்டும் ரசமா?"

"வுடும்மா. டேனரில இத்தினி வருஷம் இருந்த மூக்கு. அது எப்பவோ ரிசைன் பண்ணிடுச்சி," என்றேன் நான். அப்பாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

எங்கள் பக்கம் இது பழைய ஜோக். பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் கர்சீப்பை எடுத்து மூக்கில் வைக்கும்போதுதான் ஆம்பூருக்கு ஒரு வாசனை இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். டேனரிக்காரர் மூக்கு வேலை செய்யவில்லை என்றால் யாரும் பதற மாட்டார்கள். இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாற்றத்துக்குப் பழகுவது வேறு. இவருடைய வேலையே நாற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பதுதானே?

அப்போது நான் எம்.எஸ்சி. பயோடெக் கடைசி வருஷம். எங்கள் வீடு இருக்கும் பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் வேலூருக்கு பஸ். அந்த செமஸ்டரில் ஆறு மார்க் கேள்வி ஒன்று வந்தது, நான் முந்தின நாள் படித்த அதே கேள்வி. பிளந்து கட்டினேன். மூளை செல்லுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, செல்லுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. பார்கின்சன் நோயில் செல்கள் சாவதில் இதற்குப் பெரிய பங்கு. கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே பலருக்கு வாசனை போய்விடும். படம் வரைந்து, ஸ்கெட்ச்சில் அடிக்கோடு போட்டு, கெத்தாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறுக்கு ஆறு.

விடைத்தாள் திரும்பக் கிடைத்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு அப்பா வந்திருந்தார். முன்னால் நடந்து போனார். இடது கை ஆடியது, வலது கை ஆடவில்லை.

"இன்னாப்பா, ஒரு கை மட்டும் அட்டென்ஷன்ல நிக்குது?"

"தோள்பட்ட வலி பாப்பா. ஜாஸ்தி தூக்கிட்டேன்."

நம்பினேன். ஆறுக்கு ஆறு வாங்கிய நான்தான் நம்பினேன்.

அடுத்த மாதம் அவர் பாஸ் செய்த ஒரு லோடு கெட்டுப்போயிருந்தது. முடி போக ஊறவைக்கும் சுண்ணாம்பு டிரம்மிலிருந்து எடுத்தபோது தோலின் மேல்பக்கம் உரிந்து வந்ததாம். மூக்கு எதுவும் சொல்லவில்லை. விரலிலும் பிடி இல்லாததால் முடி வரவில்லை, வராததால் பாஸ். முதலாளி பாய் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "இன்னா பா, மூக்க வூட்ல கழட்டி வெச்சிட்டு வந்தியா?" அதையும் அப்பா சிரித்துக்கொண்டேதான் வீட்டில் சொன்னார். ஆனால் அன்று சோறு பிசையும்போது அவர் விரல் நடுங்கியதை அம்மா பார்த்துவிட்டாள்.

சத்துவாச்சாரியில் ஒரு நரம்பு டாக்டர். அப்பாவை நடக்கவிட்டார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டினார். பிறகு சாதாரணமாக, "வாசனை எப்ப இருந்து தெரியல?" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பார்கின்சன்தான் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அப்பா கேட்டார். "புரதம்னாரே டாக்டரு. முட்டையில இருக்கே, அதுவா?"

"அந்த ஜாதிதான்பா. தோல்ல இருக்கறதும் புரதம்தான்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்டியா? அப்போ சொல்லு."

"ஒழுங்கா மடிய வேண்டியது தப்பா மடிஞ்சிடுது. பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடுது. எல்லாம் ஒட்டிக்கிச்சின்னா அந்த செல்லு செத்துப்போய்டுது."

"கட்டுல ஒரு தோல் கெட்டா பக்கத்து தோலுக்கு ஏறுமே, அந்த மாதிரி."

"ம்."

"சுலபம்தானே? கெட்டத உருவி வெளிய போட்டுட்டு மிச்சத்துக்கு உப்பு போடணும்."

"அதுக்கு உப்பு இன்னும் கண்டுபிடிக்கலப்பா. இந்த மாத்திர கை காலு நல்லா ஆடறதுக்கு. உள்ள ஒட்டறத இது நிறுத்தாது."

டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம் படிச்சியே, அதுல கூட இல்லயா?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்று டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டேன்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம். பாய்க்கு இன்னும் தெரியாது. "இன்னும் ஒரே ஒரு லோடு பாத்துட்டு நானே சொல்லிட்றேன்," என்கிறார் அப்பா. இதையே மூன்று லோடாகச் சொல்கிறார். மூன்றும் தப்பித்தன, தோல் நல்லதாக இருந்ததால். இப்போது இடது கைக்குப் பயிற்சி. வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியை மடியில் வைத்துக்கொண்டு, நாரை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கிறார். வந்தால் எனக்குக் காட்டுகிறார்.

"பாத்தியா, கிரிப்பு?"

"சூப்பர்பா."

பாய் நம்பர் என் போனில் இருக்கிறது. சொன்னால் அப்பாவை அந்த குடோனுக்குள் விடமாட்டார்கள். கேட்டில் உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் என்றாவது ஒரு கெட்ட லோடு வரும். எல்லார் முன்னாலும் மறுபடி அதே கேள்வி வரும். அம்மாவைக் கேட்டால், "நீதானேடி படிச்சவ," என்கிறாள்.

நாளைக் காலை லோடு வருகிறது. இன்று வெள்ளிக்கிழமை, டேனரி லீவு. சமையலறையில் பால் அடிப்பிடிக்கும் வாசனை வாசல் வரை வருகிறது. அப்பா அடுப்புக்கு இரண்டடி தள்ளி, மிதியடியோடு உட்கார்ந்திருக்கிறார்.