அவரிடம் நான் குலம் கேட்கவில்லை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது இது. சிட்னியில், பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் அப்போது வேலை செய்தேன். மொத்தமே இரண்டு பேர்தான். வழக்கறிஞர் சென்னையிலிருந்து வந்த ஓர் அக்கா, நார்த்மீடில் வீடு. நான் யாழ்ப்பாணத்தவள், ஹோம்புஷிலிருந்து ரயிலில் வருவேன். தட்டச்சு, தொலைபேசி, தேநீர் எல்லாம் என் பொறுப்பு. அவற்றோடு அகதி விண்ணப்பங்களுக்கு நாட்டு நிலவரத் தகவல் திரட்டுவதும் என் வேலை. அதில்தான் எனக்குப் பெருமை.

ஒரு சோமாலியரின் விண்ணப்பத்தை விசாரிப்பவர் சோமாலியாவுக்குப் போனவரல்ல. எந்த ஊரில் எந்தக் குலத்தின் கை ஓங்கியிருக்கிறது, யாருக்கு எங்கே ஆபத்து என்று மேசையில் இருக்கும் அறிக்கைகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். அந்தத் தாள்களின் பலத்தை நான் பட்டு அறிந்தவள். என்னுடைய விண்ணப்பத்தை விசாரித்தவரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே, தமிழர்கள் கொழும்பில் பிரச்சினையில்லாமல் இருக்கலாமே என்றார். அதே கொழும்பில், லொட்ஜில் தங்கியிருந்த என்னைப் பொலிஸார் இரண்டு தடவை பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் எந்தக் கோப்பும் மெலிந்து போகக்கூடாது என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

அப்போதுதான் ஒரு சோமாலியப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவரை அங்கே கொன்றுவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளோடு தப்பி வந்திருந்தார். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு மட்டும் மிச்சம். அதுவும் தவறினால் மூவரும் திரும்பிப் போகவேண்டும்.

முதல் சந்திப்பில் வயதான சோமாலிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். படிவத்தில் குலம் என்ற கட்டம் வந்ததும், அந்தப் பெண் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு பெரிய குலத்தின் பெயரைச் சொன்னார். அடுத்தது உட்குலம், தந்தைவழிப் பெயர்கள். அவர் தலையைக் குனிந்து முக்காட்டின் நுனியைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அந்த மௌனம் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஆட்களிலும் இந்தக் கேள்வி உண்டு. “ஊரில எவ்விடம்? எந்தக் கோயிலடி?” என்று தேன் ஒழுகத் தொடங்கி, கடைசியில் சாதியில் போய் நிற்கும். ஹோம்புஷில் பிறந்தநாள் கொண்டாட்டங்களில்கூட இப்படிக் கேட்கும் அன்ரிமாரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அசிங்கத்தை நானும் செய்வதா என்று நினைத்தேன். உட்குலக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். என் பண்பை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு மாதம் அந்தப் பெரிய குலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் திரட்டினேன். நூலகத்தில் நகல் எடுத்தேன், தொலைநகலில் வரவழைத்தேன், மஞ்சள் பேனாவால் கோடிட்டேன். வீட்டுக்கும் கொண்டுபோய் வாசித்தேன்.

“உமக்கு இப்ப யாழ்ப்பாணத்தை விட மொகடிசுதான் நல்லாத் தெரியும் போல” என்று கணவர் சீண்டினார்.

“ஓம், வாரும், வழி காட்டுறன்” என்றேன். அவ்வளவு நினைப்பு எனக்கு.

விசாரணை நாளில் நானும் கூடப் போனேன். சிட்னியில் சோமாலிய மொழிபெயர்ப்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், அன்றும் அதே மனிதர்தான் வந்திருந்தார். விசாரித்த பெண்மணி கடுமையானவரல்ல. நிதானமாக என் கோப்பைப் புரட்டி, நான் கோடிடாத ஒரு பகுதியை வாசித்தார். இன்ன ஊரில் இந்தக் குலத்தவர் பலமாக இருக்கிறார்கள், அவர்களுடைய பெரியவர்களே வழக்குகளைத் தீர்த்துவைக்கிறார்கள் என்றிருந்தது.

“அது உங்கள் ஆட்களின் ஊர்தானே, அங்கே போய் ஏன் வாழ முடியாது?”

நியாயமான கேள்வி. அந்தத் தாளை வைத்துக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பெண், “முடியாது” என்றார். ஏன் என்று கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து எதையாவது சொல்லுங்களேன் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. இடைவேளை விட்டார்கள்.

கழிவறையில் அவர் தொழுகைக்காகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் காகிதத் துவாலையை எடுத்து நீட்டினேன். அப்போதுதான், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். “மொழிபெயர்க்கும் அந்த மனிதர் அந்தக் குலம். நான் அந்தக் குலம் இல்லை.” ஒரு கையை விரித்துப்பிடித்து, மற்றக் கையை முஷ்டியாக்கி அதில் தட்டிக் காட்டினார். “என் அப்பா இரும்பு. நெருப்பு.”

கொல்லர்கள். அந்தப் பெரிய குலத்தின் நிழலில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். வெளியார் கேட்டால் அந்தக் குலத்தின் பெயரையே சொல்லிக்கொள்வார்களாம். ஆனால் அந்தக் குலத்தவர் இவர்களோடு சேர்ந்து சாப்பிடமாட்டார்கள், பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். அந்த ஊருக்குப் போனால் பாட்டன் பெயரைக் கேட்பார்கள், அந்த நிமிடமே தெரிந்துவிடும். “என் கணவர் செத்தபோது ஏன் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. எங்களுக்காகக் கேட்க ஆள் இல்லை” என்றார்.

வெளியே ஓடிப்போய் எங்கள் வழக்கறிஞரிடம் சொன்னேன்.

“என்னங்க இது, உட்குலம் கட்டத்துல என்னதான் எழுதினீங்க?”

“ஒண்டும் எழுதேல்லை அக்கா. கேக்கவே இல்லை. எப்பிடிக் கேக்கிறது எண்டு...”

அவர் கையிலிருந்த கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, “அந்தக் கோட்ட நானும் பாத்தேன். எனக்கும் கேக்க ஒரு மாதிரியாதான் இருந்துச்சு, விட்டுட்டேன்” என்றார்.

இனிதான் சிக்கல். கடைசி நேரத்தில் புதிதாக ஒரு காரணம் சொன்னால் கட்டுக்கதை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவசர அவசரமாக அவகாசம் கேட்டோம். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டோம். அந்த முதியவர் மீது பிழையில்லை, நேர்மையாகவே மொழிபெயர்த்தார். அவர் முன்னால் இவரால் பேச முடியாது, அவ்வளவுதான். இரண்டும் கிடைத்தன.

நான் சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்திட்டேன். விண்ணப்பதாரர் மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை, என் சமூகத்தில் இப்படிக் கேட்பது அநாகரிகம் என்று எழுதினேன். எழுதும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு கொல்லர்களைப் பற்றிக் கோப்பில் தேடினேன். அத்தனை தாள்களிலும் ஓர் அடிக்குறிப்பில் இரண்டே வரிகள். ஏற்கனவே என் கண்ணில் பட்டவைதான், மஞ்சள் கோடு போடத் தோன்றவில்லை. மேலும் தேடியதில் ஒன்றரைப் பக்கம் தேறியது.

அடுத்த விசாரணைக்கு மெல்பேர்னிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். உங்கள் அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். துருத்தியை யார் ஊதுவார்கள், கத்தி எத்தனை தடவை நெருப்புக்குள் போகும், வாங்க வருபவர்கள் கையில் கை படாமல் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். விசாரித்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் கடதாசியையும் அந்த இரண்டு வரிகளையும் முடிவில் குறிப்பிட்டிருந்தார்கள். மகள்களையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார் அவர். வழக்கறிஞரைக் கட்டிப்பிடித்தார், என்னையும் கட்டிப்பிடித்தார். தேநீர் குடிக்கும்போது, “உங்கள் ஆட்களிலும் எங்களைப் போல உண்டா?” என்று கேட்டார்.

உண்டு என்றேன்.

“அதில் நீங்கள் யார்?”

இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படி நேரே கேட்டதில்லை. எங்கள் ஊரில் எந்தக் கோயிலுக்குள்ளும் தடையில்லாமல் போகக்கூடிய ஆட்கள் நாங்கள் என்று, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. மெல்லத் தலையாட்டினார். “அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை” என்றார்.

பண்பு என்று நான் மெச்சிக்கொண்டது, அந்தக் கேள்வியால் ஒருநாளும் காயப்படாத ஒருத்தியின் சௌகரியம்தானோ என்று அன்று தோன்றியது. இன்றும் யாரிடமாவது எதையாவது கேட்காமல் விடும்போது, அது அவருடைய மானத்துக்காகவா, என் நிம்மதிக்காகவா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.