எல்லோருக்கும் இருபது

நல்ல கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் யார் என்று என் மாணவிகள் கேட்டால், எங்கள் மேடம் செய்த எதையும் செய்யாதவர் என்பேன். அதற்கு மேல் இலக்கணம் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் தி. நகர் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தேன். வார்டு வேலை மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அங்கே எங்களை மேய்க்க வந்தவர் மேடம். கஞ்சி போட்ட புடவை, கையில் சிவப்பு மைப் பேனா. அவர் ஒரு நோயாளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தலையணை உறையின் திறந்த பக்கம் வார்டு வாசலைப் பார்த்திருக்கக் கூடாது. அதுதான் அவருடைய வேதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மேடம் அந்த ஏட்டுக்கும் பிரவுன் தாளில் அட்டை போட்டிருக்கிறோமா என்று பார்ப்பார்.

சார்ட் எழுதுவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சலை தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்போம். நாடியை அரை நிமிடம் பிடித்து இரண்டால் பெருக்குவோம். மூச்சை எண்ண முழு நிமிடம் நிற்க வேண்டுமே, அதற்கு யாருக்குப் பொறுமை? கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே எல்லோருக்கும் இருபது என்று எழுதிவிடுவோம். வார்டில் முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்கள். மேடத்துக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. எழுத்து குண்டு குண்டாக இருந்ததே!

ஜன்னலோரக் கட்டிலில், ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டும் ஒருவர் இருந்தார். நிமோனியாவுக்காகச் சேர்ந்து மூன்று நாளாகியிருந்தது. காலை பத்து மணிக்கு அவருக்கும் இருபது எழுதிவிட்டு நகர்ந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா சிஸ்டர், மனுசன் இப்டி மூச்சு வாங்கிக்கினு கீறாரு, நீ பாட்டுக்கு எழுதிக்கினு போற?"

அப்போதுதான் நோயாளியை முழுதாகப் பார்த்தேன். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. வாட்சைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்திரண்டு. மேடத்திடம் ஓடினேன். அவர் வந்தார், கட்டிலைப் பார்த்தார்.

"முதல்ல அந்தத் தலகாணியைத் திருப்பு."

திருப்பினேன். மூச்சுக்குத் தவிக்கும் மனிதரின் தலையைத் தூக்கி, தலையணையைத் திருப்பி வைத்தேன். என்னைப் போல் ஒரு முட்டாள் உண்டா? அந்த அம்மா போட்ட கூச்சலில்தான் வார்டு சிஸ்டர் ஆக்சிஜனோடு ஓடிவந்தார். பட்டறைக்காரரை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள்.

மேடம் என்னை மேஜைக்கு அழைத்தார். அவருடைய சார்ட்டில் கடைசி இருபதை அடித்து, பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன். அந்த அடித்தல் அவர் கண்ணை உறுத்தியது.

"ஐ.சி.யு.வுக்கு இப்படி அசிங்கமா அனுப்ப முடியாது. புதுசா எழுதிக் கொண்டா."

இன்று நான் இன்ஸ்ட்ரக்டர். மாணவியோடு கட்டிலருகே நானும் ஒரு நிமிடம் நின்று எண்ணுகிறேன். இருவர் எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் மறுபடி எண்ணுவோம். தலையணை எந்தத் திசையைப் பார்த்தால் எனக்கென்ன? 'மூச்சு மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும்.

அன்று உட்கார்ந்து, நானும் தோழிகளும் மூன்று நாளாக எழுதியிருந்த இருபதுகளை எல்லாம், ஒன்று விடாமல், புதிய தாளில் குண்டு குண்டாக எழுதினேன். கடைசிக் கட்டத்தில் மட்டும் நாற்பத்திரண்டு. மேடம் வாங்கிப் பார்த்து, "இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றார். வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பட்டறைக்காரர் அன்று சாயங்காலம் இறந்துபோனார்.