காலைத் தூக்கச் சொல்லும் வேலை

1. மானேஜர் கொண்டுவந்த செய்தி

அன்று காலையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் செல்லம்மாவும் லைஃப் ஜாக்கெட்டுகளை நிழலில் கட்டிய கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தோம். கேம்ப் மானேஜர் மேலே ஆபீசில் இருந்து இறங்கி வந்தார். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. யாரையும் அதட்டத் தெரியாதவர். என் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லெட்சுமிம்மா, கொழும்புல இருந்து சொல்லிட்டாங்க. தண்ணி ஓரத்துல நிக்கிற எல்லாருக்கும் ஜாக்கெட்டோட மிதக்கத் தெரிஞ்சிருக்கணுமாம். அடுத்த மாசம் டெஸ்ட்."

"எங்களுக்குமா தம்பி? நாங்க ஜாக்கெட் மாட்டி விடுற ஆளுங்க தானே?"

"நீங்களும் ஓரத்துல தானே நிக்கிறீங்க?"

செல்லம்மா சிரித்தாள். "இந்த வயசுல எங்கள மீனாக்கப் பாக்குறீங்களா தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. பாஸ் ஆகாதவர்கள் பின்பக்கம் ஜாக்கெட் கழுவப் போக வேண்டும் என்றார். சம்பளம் குறையாது என்றார். சம்பளத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

2. நான் பார்த்த வேலை

பசறைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே அருவி விழுந்து பெரிய குளமாக நிற்கிறது. அங்கே பாறையில் இருந்து குதிக்கவும், கயிறு கட்டி அருவியோடு இறங்கவும், ரப்பர் படகில் ஆற்றோடு போகவும் ஆட்கள் வருவார்கள். வெள்ளைக்காரர்கள், கொழும்புக்காரர்கள், எல்லாரும் வருவார்கள். யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்காக வேலையைச் சொல்கிறேன். மார்பைப் பார்த்து ஜாக்கெட் எடுக்க வேண்டும். பக்கிளை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். பிறகு தோள்பட்டையில் இரண்டு கையையும் விட்டு மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது பெரிது, மாற்ற வேண்டும். கால் நடுவில் போகும் பட்டியை வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. கடைசியில் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "தண்ணி இழுத்தா கால ஊனாதீங்க, தூக்கிருங்க. ஜாக்கெட் ஏந்திக்கும்." கால் கல் இடுக்கில் மாட்டினால் ஆள் மேலே வர முடியாது.

ஒரு முறை வயிறு பெருத்த கொழும்புப் பையன் ஒருவன் கேட்டான். "ஆன்ட்டி, இது என்னத் தாங்குமா?"

"தாங்காட்டி நான் எறங்கித் தூக்குறேன். போங்க."

அவன் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் போய்க் காலைத் தூக்கினான், மிதந்தான்.

தோட்டத்தில் கொழுந்து பறித்த காலம் முழுக்கக் கங்காணி காட்டிய இடத்தில் நின்றவள் நான். இங்கே டாக்டரும் வக்கீலும் நான் நில் என்றால் நின்றார்கள், கையைத் தூக்கு என்றால் தூக்கினார்கள். என் வாழ்க்கையில் என் சொல்லுக்கு ஆள் நின்ற இடம் அது ஒன்றுதான். அதுதான் என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

3. பழகியது

எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தவன் சமன். சிங்களப் பையன், படகு ஓட்டுகிறவன். தமிழ் பேசுவான்.

"அம்மே, பயம் வேணாம். நா பக்கத்துல இருக்கேன்."

சேலையோடு எப்படி இறங்குவது என்று கேட்டேன். மானேஜர் கால்சட்டையும் சட்டையும் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது செல்லம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"மதினி, தொர மாதிரி இருக்கீங்க. ஒரு தொப்பிதான் இல்ல."

அவள் மூன்றாவது தடவையே மிதந்துவிட்டாள். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளும் என்னைப் போலக் கொழுந்துக்காரிதான். ஆனால் வேலை செய்த காலத்தில் பாதி அவளுக்கு ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் தரை மட்டமான இடத்தில் போனது. எனக்கு எல்லாம் செங்குத்து மலை. முதுகில் கூடை, கீழே பள்ளம், மழையில் வழுக்கும் மண். விரலால் மண்ணைக் கவ்வாமல் ஒரு எட்டு வைத்ததில்லை. கால் விட்டால் ஆள் உருண்டு ரோட்டில் கிடப்பாள். அப்படிக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்குள்ளும் என் கால் அதைத்தான் செய்தது. ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது, அது எனக்கே தெரிந்தது. விரல்கள் கல்லைக் கவ்விக்கொண்டு விட மறுத்தன. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து இறங்கினேன். லயத்து வீட்டில் படுக்கும்போதும் காலைத் தளர்த்திப் பழகினேன். மருமகள், "என்ன அத்த, கால் வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

4. டெஸ்ட்

டெஸ்ட் பார்க்கக் கொழும்பில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நல்ல மனுஷி. அவசரப்படுத்தவில்லை. செல்லம்மா இறங்கினாள், மிதந்தாள், கரைக்கு வந்து தலையைத் துவட்டினாள். அடுத்து நான்.

ஜாக்கெட்டை நானே மாட்டினேன். தோளை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மார்பளவு தண்ணீரில் போய் நின்றேன்.

"கால விடுங்க அம்மே," என்றான் சமன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வருகிறவர்களுக்கு எல்லாம் சொன்னதையே எனக்கும் சொன்னேன். உடம்பு லேசானது. சந்தோஷமாக இருந்தது.

"விட்டுட்டேன்!" என்று கத்தினேன்.

கண்ணைத் திறந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. என் இரண்டு காலும் அடியில் கல் மேல் இருந்தன, பத்து விரலும் மடங்கி.

"இன்னொரு தடவ பாப்போமா லெட்சுமிம்மா?" என்று கரையில் இருந்து மானேஜர் கேட்டார்.

"வேணாம் தம்பி. நான் கழுவுற பக்கம் போறேன்."

கெஞ்சி நிற்க எனக்கு வராது. ஜாக்கெட்டைக் கழற்றி, தண்ணீர் வடித்து, மாட்டிவிட்டுப் போனேன்.

இப்போது பின்பக்கம்தான் என் வேலை. குளம் தெரியாது. சத்தம் மட்டும் வரும். செல்லம்மா நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறாள், ஆட்கள் கேட்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து பேசுவாள். நான் பதில் சொல்வேன், ஆனால் முன்னைப் போலப் பேச முடியவில்லை.

பிள்ளைகளே, இந்த வேலைக்கு வந்தால் முதல் வாரத்திலேயே தண்ணீரில் இறங்குங்கள். மற்றவர்களுக்குச் சொல்வதை உங்கள் உடம்பு கேட்கிறதா என்று பாருங்கள். வயது இருக்கும்போது பாருங்கள். எத்தனையோ பேர் என் பேச்சை நம்பிக் காலைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருவராகக்கூட என்னால் ஆக முடியவில்லை.