சந்தியோகு கரைக்குக் கொண்டுவந்த பிள்ளை

என் அத்தான் சந்தியோகுவை எங்கள் மன்னார்ப் பேசாலையில் சிலர் பரிசுத்தவான் என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட அவரோடு ஒரே படகில் போனதில்லை. நான் பதின்மூன்று வருடமாகப் போகிறேன். எஞ்சின் பிடிக்காவிட்டால் அதைக் காலால் உதைப்பார். தேநீரில் சீனி குறைந்தால் மத்தியானம்வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். கிழிந்த வலையை நான் எப்படிப் பொத்தினாலும் அவருக்கு அது பிழைதான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஜோன்சன் தன் அத்தானுக்குப் புகழ்மாலை பாடுகிறான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

என் அக்கா றஞ்சினியை அவர் கட்டியது தொண்ணூறாம் ஆண்டு தை மாதம். அந்த ஆவணியிலேயே சண்டைக்குப் பயந்து இருவரும் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்தார்கள். முதல் பிள்ளை பெண். எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனது. அங்கேயே புதைத்தார்கள். புதைத்த மறுநாள் காலையில் அத்தான் முகம் கழுவிக்கொண்டு பூசைக்குப் போனாராம். அக்கா இதைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மனுசன் இவர், யாருக்கு நன்றி சொல்லப் போனார் என்று கேட்டேன். "நன்றி சொல்லப் போகேல்லயடா, சண்டை பிடிக்கத்தான் போனவர். ஆனா அங்க போய்த்தான் பிடிப்பார்" என்றாள் அக்கா.

பிறகு பிறந்தவன் மில்ரன். ஒரே மகன். ஊர் திரும்பியபோது அவனுக்குப் பதினைந்து வயது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது கார்த்திகையில், இருபத்துநாலு வயதில், சிநேகிதன் ஒருவனின் படகில் தொழிலுக்குப் போனான். காற்று மாறியது. மூன்றாம் நாள் படகு மட்டும் தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கியது. ஐந்தாம் நாள் சிநேகிதனின் உடல் ஒரு தீடையில், அதுதான் நடுக்கடல் மணல்திட்டில், கிடைத்தது. மில்ரன் கிடைக்கவில்லை.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி மரித்தவர்களின் நாள். ஊர் முழுக்க மெழுகுதிரியோடு சேமக்காலைக்குப் போகும். அவரவர் கல்லறையில் கொளுத்தி வைத்துவிட்டு நிற்பார்கள். அக்காவுக்குக் கொளுத்த இடமில்லை. முதல் வருடம் வாங்கிய திரிகளை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. "கடல் முழுக்க அவர்ட கையிலதானே இருக்கு? ஒரு பிள்ளையைத் தூக்கிக் கரையில போட ஏலாதோ?" என்று பங்குச் சுவாமியிடமே கேட்டாள். சுவாமி நல்ல மனிதர், தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். நான் அக்காவின் பக்கம். இன்றைக்கும் அந்தக் கேள்வியில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அத்தான் மட்டும் பின்னேரச் செபமாலையை விடவில்லை. தனியாக முழந்தாளில் இருந்து சொல்வார். முடிந்ததும் சொந்தமாக ஒரு மன்றாட்டு வைப்பார். மகனைத் திருப்பித் தா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "எங்கட பிள்ளை எந்தக் கரையில ஒதுங்கினாலும், அந்தக் கரைச் சனத்துக்கு இரக்கத்தைக் குடும் ஆண்டவரே." இவ்வளவுதான். நாலு வருடத்தில் ஒரு நாளும் தவறவில்லை.

போன வருடம் மாசி மாதம் ஒரு நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில் கடலில் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தோம். நல்ல மீன்பாடு. பாரையும் சீலாவுமாக வந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் இரண்டு தடவை இந்திய இழுவைப் படகுகள் எங்கள் வலையைக் கிழித்துக்கொண்டு போயிருந்ததால், அன்றைய பாடு எங்களுக்குப் பெரிய ஆறுதல். பாதி வலை ஏறியதும் கனத்தது. ஆமையாக்கும் என்று நினைத்து இழுத்தேன். மனிதன்.

பல நாள் தண்ணீரில் கிடந்த உடல். முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இடது கையில் ஒரு வேல் பச்சை குத்தியிருந்தது. போட்டிருந்த சட்டையையும் இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றையும் பார்த்தால் அக்கரை இழுவைப் படகில் வந்தவன் என்று தெரிந்தது.

"அறுத்து விடுவம் அத்தான்" என்று கத்தியை எடுத்தேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் ஒரு பிணத்தைக் கரைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று கடற்தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். பொலிஸ், வாக்குமூலம், மரண விசாரணை, நீதிமன்றம். படகு எத்தனை நாள் கரையில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வலையில் வந்த மீனை ஒரு சனமும் வாங்காது. அதனால்தான் சிலர் கண்டும் காணாதமாதிரி வந்துவிடுகிறார்கள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அத்தான் உடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட வலையை அறுத்தவங்கள் அத்தான் இவங்கள். உங்களுக்கென்ன விசரே?"

"ஓம், அறுத்தவங்கள்தான்" என்றார்.

"பிறகென்ன?"

"ஜோன்சன், இவனைப் பெத்தவள் இப்ப எங்கயோ இருந்து கும்பிட்டுக்கொண்டிருப்பாள். அவள் கேட்டதுக்குக் கடவுள் அனுப்பின ஆக்கள் நாங்கள் ரெண்டு பேரும்தான். வேற ஆரும் இந்தக் கடலில இல்லை. நான் இப்ப அறுத்து விட்டா, இண்டைக்குப் பின்னேரம் எந்த வாயால என்ர பிள்ளைக்குக் கேக்கிறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மில்ரனும் எங்கோ ஒரு வலையில் வந்திருக்கலாம். என்னைப் போல ஒருவன் மீன்பாட்டைப் பார்த்துவிட்டு, கத்தியை எடுத்திருக்கலாம். அந்தக் கத்தி என் கையில் இருந்தது. அதைப் பலகைக்குக் கீழே போட்டேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இருவருமாகத் தூக்கினோம். அத்தான் தன் சட்டையைக் கழற்றி முகத்தை மூடினார். பிறகு தலைப்பக்கம் இருந்து பரலோக மந்திரம் சொன்னார். எனக்குப் பயத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "அவன் சைவக்காரன், உங்கட செபம் அவனுக்கு விளங்குமோ?" என்றேன். "கேக்கிறவருக்கு விளங்கும். நீ எஞ்சினை இழு" என்றார்.

கரைக்கு வருமுன்பே கதை வந்துவிட்டது. வழியில் கண்ட படகுக்காரன் ஒருவன் கைபேசியில் சொல்லியிருக்கிறான்: சந்தியோகு உடல் கொண்டு வாறார். யாருடைய உடல் என்று அவன் சொல்லவில்லை. நாங்கள் படகை மணலில் ஏற்றும்போது, அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு உடல் வராது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஓடி வந்தாள். நான் குறுக்கே போய் "அக்கா, இது எங்கட பிள்ளை இல்லை" என்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் படகுக்குள் ஏறினாள். சட்டையை விலக்கிப் பார்த்தாள். திருப்பி மூடினாள். காற்றில் சட்டை எழும்பியதும் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அதன்மேல் போட்டு, ஓரங்களை உடலுக்கு அடியில் சொருகிவிட்டாள். சனம் கைபேசியை நீட்டிப் படம் எடுக்க வந்தது.

"விலத்துங்கோ! இதென்ன பெருநாளே?" என்று கத்தினாள். பொலிஸ் வரும்வரை அந்த வெயிலில் படகை விட்டு இறங்கவேயில்லை.

நான் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. மீனைக் குழி வெட்டித் தாட்டோம். படகு ஒன்பது நாள் சும்மா கிடந்தது. வாக்குமூலம் கொடுக்க மூன்று தடவை மன்னாருக்குப் போனோம். "வலையை அறுத்தவனுக்குப் பல்லக்குத் தூக்கினவர்" என்று கரையில் நக்கல் அடித்தார்கள். அத்தான் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கையில் இருந்த பச்சையை வைத்து அக்கரையில் ஆளை அடையாளம் கண்டு, பெட்டியில் அனுப்பி வைத்தார்கள்.

மூன்று கிழமை கழிந்து ஒரு பின்னேரம். நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அத்தானின் கைபேசிக்கு இந்திய இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத்தான் பேசுவார். வயதான ஒரு பெண்ணின் குரல்.

"ஐயா, நான் முனியசாமியோட அம்மா பேசுறேன். நீங்க எடுத்துக் குடுத்தீங்களே, அந்தப் புள்ளையோட அம்மா."

அத்தான் கதிரையிலிருந்து எழும்பி நின்றார்.

"சொல்லுங்கோ அம்மா."

"பெட்டியத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்கய்யா. நான் மொகத்தப் பாக்கல. நீங்க பாத்தீங்கல்ல? எப்படிய்யா இருந்தான் எம்புள்ள?"

மீன் எங்கே படுகிறது என்று கேட்டால் எங்கள் கரையில் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். அத்தான் ஒருவர்தான் இடத்தைச் சொல்லிவிட்டு வருவார். அதற்காக அவரோடு எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் என்னையும் அக்காவையும் ஒருமுறை பார்த்தார்.

"நித்திரை கொள்ளுற மாதிரித்தான் அம்மா இருந்தவர். முகத்தில ஒரு காயமும் இல்லை."

அந்தப் பக்கம் நெடுநேரம் அழுகை. அத்தான் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களாய்யா?"

அத்தான் கைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "ஒரு மகன்" என்றார்.

"அவன் நல்லா இருக்கணும்யா. எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும். தெனமும் எஞ்சாமிகிட்டக் கேப்பேன்."

அத்தான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா குசினி வாசலில் நின்றவள், வந்து கைபேசியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அம்மா, நான் அவற்ற மனுசி. எங்கட பிள்ளையும் கடலிலதான் போனவன். நாலு வருசம், இன்னும் கிடைக்கேல்ல. பேர் மில்ரன். கேக்கிறதெண்டா பேரைச் சொல்லிக் கேளுங்கோ."

அந்தப் பக்கம் கைபேசி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"அம்மா?" என்றாள் அக்கா.

"இருக்கேம்மா, இருக்கேன். மில்ட்டன்னா சொன்ன?" அந்த அம்மா பெயரை மெல்ல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "இங்க கரை பூரா சொல்லி வைக்கிறேன் தாயி. எவன் வலையில எந்தப் புள்ள வந்தாலும் விட்டுட்டு வராதீங்கடான்னு வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."